பொறியியற் கிளைத் தெரிவில் மாமன்மாரின் பங்கு: பருத்தித்துறையை முன்வைத்த ஓர் ஆய்வு

பருத்தித்துறையிலும் அதனைச் சூழ்ந்த தும்பளை, புலோலி, அல்வாய் முதலிய ஊர்களிலும், ஒரு பிள்ளை எந்தப் பொறியியற் கிளையைப் படிப்பது என்னும் வழக்கு, அப்பிள்ளை க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது. பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வீட்டுக்கு வரும் நாள்வரை அது ஓயாமல் நடைபெறுவதும், கிளையை உண்மையாகவே தெரிவுசெய்யவேண்டிய நாள் வந்துசேரும்போது அதைப்பற்றிப் பேச ஒருவரும் அருகில் இல்லாமற் போவதும், கல்வியியலாளரின் உரிய கவனத்தைப் பெறாத ஒரு தோற்றப்பாடாகும். இவ்வாய்வு அத்தோற்றப்பாட்டின் காரணங்களைத் தேடுகிறது. இதற்குரிய தரவுகள் கலியாண வீடுகளிலும், அவற்றைவிடச் செறிவாக அந்தியேட்டி வீடுகளிலும் கிடைக்கின்றன. அங்கே பந்திக்கும் புறப்பாட்டுக்கும் இடையிலுள்ள நேரத்தில் உறவினருக்குச் செய்வதற்கு வேறு வேலை இருப்பதில்லை.

‘கிளை’ எனப்படுவது பொறியியற் பட்டத்தினுள் மாணவர் சிறப்பாகக் கற்கும் பகுதியாகும். குடிசார், இயந்திர, மின், கணினிப் பொறியியல் என ஏடுகளில் வழங்குவனவே திண்ணையில் சிவில், மெக்கானிக்கல், இலெக்றிக்கல், கொம்பியூட்டர் என வழங்குகின்றன. இவற்றை அடைவதற்கு முதலில் உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றையும் எழுதி, போதிய இசட் புள்ளி பெறவேண்டும். இசட் புள்ளி என்பது, ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளி அப்பாடத்தின் சராசரியிலிருந்து எத்தனை நியம விலகல் தூரத்தில் நிற்கிறது என்பதைக் காட்டும் அளவு. 2001 முதல் அனுமதிக்கு இதுவே அடிப்படை. நாடளாவிய திறமைக்கு 40 வீதமும் மாவட்டங்களுக்கு 55 வீதமும் வசதி குறைந்த மாவட்டங்களுக்கு 5 வீதமும் என இடங்கள் பங்கிடப்பட்டபின் வெளியாகும் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர், பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ வேறொரு பீடத்துக்கோ போகிறார். இங்கே கவனிக்கத்தக்கது, தனியாக அனுமதி வழங்கப்படும் சில கற்கைநெறிகள் நீங்கலாக, அம்மாணவருக்குக் கிடைப்பது ‘பொறியியல்’ என்னும் பொதுப்பெயர் மட்டுமே என்பதாகும். பொதுவான தொடக்கக் கற்கை முடிந்த பின்னர், அதிற் பெற்ற பெறுபேற்றையும் மாணவர் நிரப்பிக் கொடுக்கும் விருப்ப ஒழுங்கையும் கொண்டே கிளை ஒதுக்கப்படுகிறது.

ஆகவே சாதாரண தரம் எழுதிய பிள்ளையை இருத்திவைத்து சிவிலா மெக்கானிக்கலா என்று நான்கு பெரியவர்கள் வாதிடுவது, இன்னும் ஏறாத பேருந்தின் யன்னல் இருக்கைக்குச் சண்டையிடுவதை ஒத்தது. இக்காலப்பகுதியை ‘ஆலோசனை மிகுகாலம்’ எனக் குறிக்கலாம். இக்காலத்தின் ஆலோசனைகளை ஒப்புநோக்கும்போது ஒரு விதி புலப்படுகிறது: ஆலோசனையின் உறுதி, ஆலோசகருக்கும் பருத்தித்துறைக்கும் இடையிலுள்ள தூரத்துக்கு நேர்விகிதசமமானது. நெல்லியடியில் இணைந்த கணிதம் படிப்பிக்கும் ரியூசன் மாஸ்ரர், பிள்ளையின் கணக்கை வாரந்தோறும் திருத்துபவராக இருந்தும், “முதலிலை பாஸ் பண்ணட்டும்” என்பதற்கு அப்பாற் செல்வதில்லை. கொழும்பில் இருக்கும் பெரியப்பா இரண்டு கிளைகளைச் சொல்லி இரண்டில் எதுவும் நல்லது என்கிறார். இலண்டன் மாமா ஒன்றை மட்டுமே சொல்கிறார். கனடாவின் ஸ்காபரோவிலிருந்து நள்ளிரவு கடந்து அழைக்கும் சித்தப்பாவோ, “கொம்பியூட்டர்தான் தம்பி, இனி வேறை ஒண்டும் நிக்காது” என்று சொல்வதோடு அமையாது, பிள்ளை இன்னும் தெரிவுசெய்யாத கிளையையும் பிழையென்று முன்கூட்டியே தீர்ப்பளிக்கிறார்.

இத்தூர ஆலோசகர்கள் எவ்வாறு தோன்றினார்கள் என்பது விளையாட்டான வினா அன்று. 1971 இல் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் கொண்டுவரப்பட்டபோது, பேராதனைப் பொறியியலுக்குத் தமிழ்மொழி மூலம் எழுதியவர் 250 புள்ளியும் சிங்களமொழி மூலம் எழுதியவர் 227 புள்ளியும் பெறவேண்டியிருந்தது. 1974 இல் மாவட்டப் பங்கீடு வந்தபின் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பொறியியலுக்குச் செல்வோரின் பங்கு மேலும் சுருங்கியது. இடம் கிடைக்காத பலர் காணி ஈடுவைத்த பணத்தோடு இங்கிலாந்துக்குப் படிக்கப் புறப்பட்டார்கள். 1983 இன் இனக்கலவரத்தின் பின்னர் புறப்பட்டவர்களுக்குப் படிப்பைவிட உயிர் முதன்மையாயிற்று. இன்று தொலைபேசியில் கிளை சொல்லும் மாமன்மாரில் ஒரு பகுதியினர், தாம் படிக்க விரும்பிப் படிக்க முடியாமற்போன கிளையையே சொல்கிறார்கள் என்று கொள்ளுவதற்கு இடமுண்டு. அவர்களின் உறுதி இதனால் எரிச்சலுக்குரியதாக இருந்தாலும் நகைப்புக்குரியது அன்று.

ஆலோசனையின் உள்ளடக்கம் ஊரின் பொருளாதாரத்தைச் சில பத்தாண்டுகள் பின்தங்கித் தொடர்கிறது. 1950 இல் தொடங்கப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும், ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடா செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் இயங்கிய காலத்தில், இரசாயனப் பொறியியல் என்பது வீட்டிலிருந்து போய்வரக்கூடிய வேலை என்னும் பொருளைத் தந்தது. போர் இரண்டையும் நிறுத்தியது. ஆயினும் அறுபது வயதைத் தாண்டிய ஆலோசகர் ஒருவர் சீமெந்துத் தொழிற்சாலை திரும்பவும் திறக்கும் என்ற நம்பிக்கையில் இக்கிளையைப் பரிந்துரைப்பதை இன்றும் கேட்கலாம். மின்பொறியியலின் நிலை இதனிலும் விந்தையானது. 1990 இல் குடாநாடு தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டு, மண்ணெண்ணெயும் கிடைத்தற்கரிய பொருளாகி, பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் பௌதிகவியலின் ஓட்டமின்னியலைப் படித்த ஆண்டுகளிலும் இலெக்றிக்கலின் மதிப்புச் சிறிதும் குறையவில்லை. கிளையின் மதிப்புக்கும் அக்கிளை ஊருக்குச் செய்யும் உதவிக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதனிலும் தூய சோதனையை எந்த ஆய்வுகூடத்திலும் அமைக்க இயலாது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்தபின், ‘வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரலாம்’ என்பது புதியதொரு அளவுகோலாகச் சேர்ந்துள்ளது. இது தாய்மாரின் அளவுகோல். மாமன்மார் இதனை ஏற்பதில்லை.

மிகுகாலத்தைத் தொடர்வது ‘மௌன காலம்’. மாணவர் மலைநாட்டு விடுதியொன்றில், சிங்களம் பேசும் அறைத்தோழனுடன், இரவுச் சாப்பாட்டின் பின் விருப்பப் படிவத்தை எடுத்துவைத்து அமர்கிறார். வாழ்க்கையில் முதன்முறையாகக் கிளையைப் பற்றிய ஒரு தாளில் அவருடைய கையொப்பம் தேவைப்படுகிறது. இத்தருணத்தில் இலண்டனுக்கோ ஸ்காபரோவுக்கோ தொலைபேசி எடுக்கப்படுவதில்லை. அங்கே உள்ளவர்கள் கிளை எப்போதோ முடிவாகிவிட்டது என்றே நம்பியிருக்கிறார்கள்; மாணவரும் தமது முதலாண்டுப் பெறுபேற்றை அவர்களுக்குச் சொல்ல விரும்புவதில்லை. எனவே ஆலோசகர் என்னும் பதவி பக்கத்து அறையிலுள்ள மேல்வகுப்பு மாணவருக்குச் சென்றடைகிறது. எந்த விரிவுரையாளர் வரவைப் பார்ப்பதில்லை, எந்தக் கிளையில் ஆய்வுகூட அறிக்கை குறைவு என்பன போன்ற செய்திகளை அவர் வழங்குகிறார். பெறுபேறு உயர்ந்தவர் கேட்டதைப் பெறுகிறார். தாழ்ந்தவர் மிஞ்சியதைப் பெற்று, அதுவே தமக்கு முதலிலிருந்தே விருப்பமாக இருந்தது என்று வீட்டுக்கு அறிவிக்கிறார்.

எந்த அந்தியேட்டி வீட்டிலும் எவரும் பரிந்துரைக்காத ஒரு பொருளைப் படித்தவரின் வரலாறு இவ்வூரிலேயே கிடைப்பது ஆய்வுக்கு வாய்ப்பானது. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்த அழகையா துரைராஜா, சிவிலைக் கற்று, அதனுள்ளும் மண்ணின் பொறிமுறையைத் தெரிவுசெய்தார். கட்டடம் கட்டுவதை விளங்கிக்கொள்ளும் உறவினரும், கட்டடத்துக்குக் கீழுள்ள மண்ணை ஒருவர் ஆண்டுக்கணக்கிற் படிப்பதை விளங்கிக்கொள்வது அரிது. கேம்பிரிட்ஜில் அவர், மண்ணை நெருக்கிச் சறுக்கச்செய்யும்போது கொடுக்கப்படும் சக்தி எவ்வாறு உராய்விற் செலவாகிறது என்பதை அளந்து ஒரு தொடர்பைக் கண்டார். ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் அவர் 1963 இல் வெளியிட்ட கட்டுரை, அங்கு ஓடும் கேம் ஆற்றின் பெயரைத் தாங்கிய ‘கேம் களி’ மாதிரியுருவின் அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. ஈரக்களி எந்த அளவு சுமையில் இளகிக்கொடுக்கும் என்று கணிக்க உதவும் அம்மாதிரியுருவின் வழிவந்தவை, அத்திவாரங்களையும் அணைக்கட்டுகளையும் கணிக்கும் மென்பொருள்களில் இன்றும் இருக்கின்றன. சுண்ணக்கல்லின் மேலே மணல் படிந்த வடமராட்சியிலிருந்து போனவர் களிமண்ணில் பெயர் பெற்றார் என்பதைத் தூர விதியாலோ சீமெந்துத் தொழிற்சாலையாலோ விளக்க முடியாது.

மேற்படிப்பைப் பற்றிய விவாதம் கிளை விவாதத்தைவிடச் சுருக்கமானது. முதுமாணிக்கும் கலாநிதிக்கும் எந்த ஆய்வுப்பொருள் என்ற கேள்வியை வீடு கேட்பதில்லை. எந்த நாடு என்றே கேட்கிறது. புலமைப்பரிசில் தரும் பேராசிரியர் எங்கே இருக்கிறாரோ அங்கே மாணவரின் ஆர்வமும் சென்று அமைந்துகொள்வதால், இக்கேள்வி முற்றாகத் தவறானது என்றும் சொல்வதற்கில்லை. பாகுபாட்டின் இறுதி வடிவம் கலியாணத் தரகரின் கொப்பியிற் காணப்படுகிறது. அதில் சிவில், மெக்கானிக்கல் என்ற வேறுபாடு கிடையாது. கனடா எஞ்சினியர், லண்டன் எஞ்சினியர், ஒஸ்ரேலியா எஞ்சினியர், கொழும்பு எஞ்சினியர் என்ற வகுப்புகளே உண்டு. சீதனமும் அவ்வொழுங்கிலேயே இறங்கிவருகிறது. கேம்பிரிட்ஜுக்குப் போய்த் திரும்பிவந்து, பேராதனையிற் கற்பித்து, 1988 முதல் 1994 வரை போரின் நடுவே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த ஒருவரை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பதற்கு அக்கொப்பியில் இன்னும் நிரல் போடப்படவில்லை.