ஸ்டிக்கர் விலையும் சின்ன மாமாவின் துண்டும்

டல்லாஸ், டெக்சாஸ்

அன்புள்ள சின்ன மாமாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அத்தையின் முழங்கால் வலி தேவலையா? அரூர்ப் பக்கம் மழை பெய்ததாகத் தம்பி சொன்னான், சந்தோஷம்.

போன தடவை போனில் ஒரு கேள்வி கேட்டீர்கள். "ஏன்டா, அமெரிக்காவுல போய் ஒரு வண்டி வாங்க இத்தன நாளா? காசு இல்லியா, கடை இல்லியா?" நான் பதில் சொல்ல ஆரம்பித்ததும் யாரோ கிடாரியைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். "அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். காசும் இருக்கிறது, கடையும் இருக்கிறது. நடுவில் நிற்கும் ஆட்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இந்த ஊரில் பால் வாங்கக்கூடக் காரில்தான் போக வேண்டும். இரண்டாவது குழந்தை பிறந்தாயிற்று, பொங்கல் முடிந்து அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். ஆகவே எட்டுப் பேர் உட்காரும் வேன். இங்கே குழந்தை குட்டியோடு இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் வாங்குவது ஒரே மாதிரி வேன்தான். கோயில் பார்க்கிங்கில் எது நம்முடையது என்று கண்டுபிடிக்கச் சாவியை அமுக்கி, எது கத்துகிறது என்று பார்க்க வேண்டும். அதில் பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் மாடலுக்குத்தான் அடிதடி. கேட்பவர்கள் நிறைய, வருகிற வண்டி கொஞ்சம். இந்த ஒரு வரி போதும், மீதிக் கதையை நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஆனாலும் கேளுங்கள்.

இங்கே ஒவ்வொரு புது வண்டியின் கண்ணாடியிலும் ஸ்டிக்கராக ஒரு தாள் ஒட்டியிருக்கும். 1958-ல் போட்ட சட்டம். மைக் மன்ரோனி என்று ஓக்லஹோமாக்காரர், செனட்டர். கார் கடைக்காரர்கள் ஆளுக்கொரு விலை சொல்லி ஜனங்களை மொட்டையடிக்கிறார்கள் என்று அவர் கொண்டுவந்தது. இன்றைக்கும் அந்தத் தாளுக்கு அவர் பெயர்தான். அடிப்படை விலை என்ன, கூடுதலாகப் போட்ட சாமான்கள் என்ன, தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த கூலி எவ்வளவு, லிட்டருக்கு எவ்வளவு ஓடும், எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். (லிட்டர் என்பது உங்களுக்காக, இவர்களுக்கு கேலனும் மைலும்தான்.) வாங்குகிறவர் கைக்கு வண்டி போகும்முன் அந்தத் தாளைக் கிழித்தால் குற்றம்.

உடனே நீங்கள் நம் ஊர் பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் எம்.ஆர்.பி.யை நினைப்பீர்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் கடைக்காரர் மேல் புகார் கொடுக்கலாம். இங்கே அந்தத் தாளில் இருப்பது கம்பெனி சொல்லும் யோசனை. கீழேயும் விற்கலாம், மேலேயும் விற்கலாம், அது கடைக்காரர் இஷ்டம். விலையை எழுதி ஒட்டச் சொன்ன சட்டம், அந்த விலைக்கு விற்கச் சொல்லவில்லை.

அதனால் அந்தத் தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்டியிருக்கும். அது டீலரின் கைங்கரியம். டயரில் நைட்ரஜன் நிரப்பியதற்கு 200 டாலர். நாம் மூச்சு விடும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான் மாமா; தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் பஞ்சர் கடைக்காரர் கூலி வாங்காமல் அடித்துவிடுவது அதைத்தான். கண்ணாடியில் வண்டி நம்பரைப் பொறித்ததற்கு 300. பெயின்ட்டுக்குப் பாதுகாப்புப் பூச்சு, சீட்டுத் துணிக்குப் பாதுகாப்புப் பூச்சு, இரண்டுக்கும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றால் "ஏற்கெனவே போட்டாச்சு சார்" என்கிறார்கள். பூச்சை எப்படிச் சுரண்டுவது? கடைசி வரியில், சந்தை நிலவரத்துக்கான திருத்தம் என்று 5,000 டாலர். மற்ற வரிகளுக்காவது காட்டுவதற்கு ஒரு காற்று, ஒரு பூச்சு உண்டு. இந்த ஐயாயிரத்துக்கு அதுவும் கிடையாது.

சரி, பேரம் பேசலாமே என்பீர்கள். பேரத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டுமா? சின்ன வயதில் புளுதியூர் மாட்டுச் சந்தைக்கு உங்கள் பின்னால் வந்து நின்றவன். நீங்கள் துண்டை விரித்துப் போட்டு, அதற்குள் விற்கிறவர் கையைப் பிடித்து விரலை அமுக்கி விலை பேசுவீர்கள். வெளியே இருப்பவர்களுக்கு உங்கள் மூஞ்சி மட்டும்தான் தெரியும், அதில் ஒன்றும் எழுதியிருக்காது. ஆனால் அந்தத் துண்டுக்குள் இரண்டு கை இருந்தது. இங்கே துண்டுக்குள் என் கை மட்டும்தான்.

எதிரில் உட்கார்ந்திருந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தங்கமான பையன். நான் எந்த விலை சொன்னாலும் "எனக்குச் சம்மதம்தான், மேனேஜரைக் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று எழுந்து போவான். கண்ணாடி அறைக்குள் மேனேஜர் இருக்கிறார். இருவரும் பேசுவது தெரியும், கேட்காது. பையன் தலையை ஆட்டுகிறான், எனக்காகக் கெஞ்சுவது போலக் கை கூப்பாத குறை. நேற்று நடந்த ஃபுட்பால் மேட்சைப் பற்றிப் பேசினார்களோ என்னவோ. திரும்பி வந்து ஒரு தாளில் நாலு கட்டம் போட்டு எழுதுவான்: வண்டி விலை, உங்கள் பழைய வண்டியின் விலை, முன்பணம், மாதத் தவணை. ஒரு கட்டத்தில் நான் 500 டாலர் குறைத்தால் இன்னொரு கட்டத்தில் 500 ஏறியிருக்கும். நான் ஒவ்வொரு கட்டமாகத் துரத்த, மொத்தம் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அவன் கேட்டதிலேயே விஷமான கேள்வி, "மாதம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" இதற்கு மட்டும் பதில் சொல்லவே கூடாது மாமா. இங்கே 84 மாதத் தவணையெல்லாம் சாதாரணம், ஏழு வருஷம். அந்த ஐயாயிரத்தை 84-ஆல் வகுத்தால், வட்டி சேர்க்காமல், மாதம் அறுபது டாலர்தான். "ஒரு நாளைக்கு ரெண்டு டாலர் சார், ஒரு காப்பி விலைகூட இல்லை!" என்றான். இவன் சொல்லும் காப்பியை எல்லாம் குடித்தால் எனக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?

விலை படிந்தாலும் முடிந்துவிடாது. அடுத்து ஒரு சின்ன அறை. அங்கே டை கட்டிய வேறொருவர், கடன் பத்திரத்தோடு. கூடுதல் வாரண்டி, டயருக்கு இன்ஷூரன்ஸ், சாவி தொலைந்தால் அதற்கு ஒன்று, வண்டி நொறுங்கிப் போய்க் கடன் மிஞ்சினால் அதற்கு ஒன்று. முன்னால் அந்தப் பையன் இந்த வண்டியைப் போல உறுதியானது உலகத்தில் இல்லை என்றான். இவரோ, இது கேட்டைத் தாண்டினாலே கழன்று விழும் என்பது போலப் பேசுகிறார். இருவருக்கும் ஒரே கடையில்தான் சம்பளம்.

"கம்பெனிக்காரன்கிட்டயே நேரா வாங்கிட்டுப் போயேன்" என்று நீங்கள் சொல்வது இங்கே கேட்கிறது. அதற்குத்தான் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஒரு காலத்தில் பெரிய கார் கம்பெனிகள் சின்ன டீலர்களைப் போட்டு நசுக்கின. விற்காத வண்டியை அவர்கள் தலையில் கட்டின. டீலர்களைக் காப்பாற்ற மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வந்தது. நியாயமான சட்டம்தான், அன்றைக்கு. இப்போது அது கொடுக்கு முளைத்து வாங்குகிறவரைக் கொட்டுகிறது. டெக்சாஸில் கார் கம்பெனி தானே கடை போட்டு விற்க முடியாது. டெஸ்லாவுக்கு ஆஸ்டின் பக்கத்தில் பிரம்மாண்டமான தொழிற்சாலை இருக்கிறது. இதே மாநிலத்தில் அவர்களுக்கு விற்பனைக் கடை கிடையாது. கேலரி என்று பெயர் வைத்து, மியூசியத்தில் வைப்பது போலக் காரைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வாங்குவதென்றால் இணையத்தில் ஆர்டர் போட வேண்டும். இன்னொரு வேடிக்கை, இங்கே கார் கடையை சனி, ஞாயிறு இரண்டு நாளும் சேர்ந்தாற்போல் திறக்கக் கூடாது. ஏதாவது ஒரு நாள் மூடியே ஆக வேண்டும். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் என் பாக்கெட்டுக்கு முழுப் பாதுகாப்பு.

கொரோனாவுக்குப் பிறகு சிப் தட்டுப்பாடு வந்ததே, அப்போது இந்த ஆட்டம் உச்சத்துக்குப் போனது. எட்மண்ட்ஸ் என்ற நிறுவனத்தின் கணக்குப்படி, 2021 ஜனவரியில் ஸ்டிக்கர் விலைக்கு மேல் கொடுத்து வாங்கியவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. ஒரே வருஷத்தில், 2022 ஜனவரியில், நூற்றுக்கு 82 பேர். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் தங்கள் டீலர்களுக்குக் கடிதம் எழுதின, இப்படிச் செய்தால் உங்களுக்கு வரும் வண்டிகளை வேறு பக்கம் திருப்பிவிடுவோம் என்று. ஆயிரம் கோடிக் கணக்கில் புரளும் கம்பெனி, சொந்தச் சரக்கை என்ன விலைக்கு விற்கலாம் என்று கடைக்காரருக்குக் கடிதாசி போட வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. எஃப்.டி.சி. என்று ஒரு வணிக ஆணையம் 2023 டிசம்பரில் விதி போட்டது. முழு விலையை முதலிலேயே சொல், உபயோகமில்லாத சாமானைத் தலையில் கட்டாதே என்பதுதான் சாரம். சாதாரணக் காற்றில் இருப்பதைவிட அதிகமாக நைட்ரஜன் இல்லாத நைட்ரஜன் டயரையே உதாரணமாகக் காட்டியிருந்தார்கள். இதனால் ஜனங்களுக்கு வருஷத்துக்கு 340 கோடி டாலர் மிச்சமாகும், கடை கடையாக அலையும் நேரத்தில் 7 கோடியே 20 லட்சம் மணி மிச்சமாகும் என்று கணக்கும் சொன்னார்கள். அந்த மணியில் என் பங்கு எவ்வளவு என்று உங்கள் மருமகளைக் கேளுங்கள். தேசிய டீலர் சங்கமும் எங்கள் டெக்சாஸ் டீலர் சங்கமும் சேர்ந்து வழக்குப் போட்டன. 2025 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியை ரத்து செய்துவிட்டது. விதி தப்பு என்று சொல்லவில்லை. கொண்டுவருவதற்கு முன்னால் கொடுக்க வேண்டிய ஒரு முன்னறிவிப்பைக் கொடுக்கவில்லையாம்.

இதைப் படித்துவிட்டு டீக்கடையில் சிரிக்காதீர்கள். நம் ஊர்க் கதை மறந்துவிட்டதா? பெரிய மாமா கல்யாணத்துக்குப் பதிவு செய்த பஜாஜ் சேட்டக், அவர் மகன் முன்னால் நின்றுகொண்டு போகிற வயதில் வந்து சேர்ந்தது. வந்த அன்றைக்கே வீட்டு வாசலில் ஆள் நின்றான், "மேல போட்டுத் தர்றேன், அப்பிடியே குடுத்துருங்க" என்று. மாருதி வந்தபோதும் அதேதான். குலுக்கலில் பெயர் விழுந்த டில்லிக்காரர் ஹர்பால் சிங்குக்கு 1983 டிசம்பர் 14-ல் இந்திரா காந்தியே சாவி கொடுத்தார். அதற்கப்புறம் கார் கிடைத்தவர்களைவிட, அலாட்மென்ட் சீட்டைக் கைமாற்றிக் காசு பார்த்தவர்களின் பேச்சுதான் ஊரெல்லாம். சிங்கப்பூரில் இருக்கும் நம் மச்சானைக் கேட்டால் இன்னும் வயிறு எரியும். அங்கே கார் வாங்குமுன் பத்து வருஷம் வைத்துக்கொள்ளும் உரிமைச் சீட்டை ஏலத்தில் எடுக்க வேண்டும். 2025-ல் அது மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிவிட்டது. ஆனால் அங்கே அந்தக் காசு அரசாங்கத்துக்குப் போகிறது. இங்கே கண்ணாடி அறைக்குப் போகிறது. எனக்கு வித்தியாசம் அவ்வளவுதான்.

கடைசியில் வண்டி எப்படி வந்தது என்றால், பக்கத்து ஊர் டீலர்களை எல்லாம் விட்டுவிட்டு, தூரத்துக் கடைகளுக்கு ஒரே மாதிரி ஈமெயில் போட்டேன். "வரி, பதிவு உட்பட வாசலைத் தாண்டும் விலை என்ன? ஒரு வரியில் பதில் போடவும். மாதத் தவணை வேண்டாம்." பாதிப் பேர் பதிலே போடவில்லை. சிலர் "நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்" என்றார்கள். ஒரே ஒரு கடை ஸ்டிக்கர் விலைக்கே தருகிறேன் என்று எழுதியது. எங்கே தெரியுமா? மன்ரோனி பிறந்த ஓக்லஹோமா சிட்டியில். தர்மபுரியிலிருந்து சென்னை போகிற தூரம்தான். போனேன், கையெழுத்துப் போட்டேன், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். விற்ற பெரியவர் "இந்தப் பழம் எதற்கு?" என்று கேட்டார். பாதுகாப்புப் பூச்சு, நாலு பழமும் சேர்ந்து இரண்டு டாலர் என்றேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தம்பி தார் ராக்ஸ் புக் பண்ணப் போகிறானாமே. 2024 அக்டோபரில் பதிவு திறந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே 1,76,218 பேர் புக் பண்ணிய வண்டி அது. அவ்வளவு கூட்டம் நிற்கிற இடத்தில் கண்ணாடி அறை இல்லாமல் இருக்காது. நம் ஊரில் விலைக்கு மேலே என்று சொல்லிக் கேட்கமாட்டார்கள். ஹேண்ட்லிங் சார்ஜ் என்பார்கள். சில மாநிலங்களில் போக்குவரத்துத் துறையே அதை வாங்கக் கூடாதென்று சொல்லியிருக்கிறது. பிறகு சீட் கவர், மேட், பம்பர் என்று ஆக்சஸரீஸ் பேக்கேஜ் எடுத்தால் வண்டி சீக்கிரம் வரும் என்பார்கள். இன்ஷூரன்ஸ் எங்களிடம்தான் போட வேண்டும் என்பார்கள். வெளியே எங்கே வேண்டுமானாலும் போடலாம், விலையை விசாரித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். எக்ஸ் ஷோரூம் விலை, ரோடு டாக்ஸ், பதிவு, இன்ஷூரன்ஸ் என்று தனித்தனியாக எழுதி வாங்கட்டும். மொத்தமாக ஆன் ரோடு என்று ஒரே எண்ணைச் சொன்னால் நாற்காலியை விட்டு எழுந்துவிடட்டும்.

அவனைத் தனியாக அனுப்பாதீர்கள். டிஎன் 29 நம்பர் பிளேட்டோடு தொப்பூர்க் கணவாயில் இறங்குவது போல இப்போதே ரீல்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறான். அவன் மூஞ்சியைப் பார்த்தாலே விலை ஏறிவிடும். நீங்கள் கூடப் போங்கள். துண்டையும் எடுத்துப் போங்கள்.

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உங்கள் மருமகன்

பி.கு.: வண்டி விலையை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். உடனே ரூபாயில் பெருக்கிவிடுவாள், வந்து அதில் உட்காரவே மாட்டாள். செகண்ட் ஹேண்டில் எடுத்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.