அணுக்கருவும் நால்வகை உபாயமும்

கதிரியக்கத் தனிமங்கள் தத்தமக்கு விதித்த அரை ஆயுளின்படி சிதைந்து வருகின்றன. அந்த வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ இயலுமா என்பதே இச்சிற்றாய்வின் பொருள். பிடிவாதக்காரரை வழிக்குக் கொண்டுவர முன்னோர் சாமம், தானம், பேதம், தண்டம் என நான்கு உபாயங்களை வகுத்தனர். தண்டம் கடைசியில்தான் என்பது விதி. இயற்பியலார் நீதிநூல் பயிலாதவர்கள் ஆதலால் அங்கிருந்தே தொடங்கினர்.

தண்டம்: 1906 வாக்கில் ரதர்ஃபோர்டும் பெட்டாவெலும் ரேடியத்திலிருந்து எழும் வாயுவை, கார்டைட் வெடிமருந்தோடு எஃகுக் கலத்தில் அடைத்து வெடிக்கச் செய்தனர். சுமார் 2,500 பாகை வெப்பம். ஆயிரம் மடங்கு வளிமண்டல அழுத்தம். கதிரியக்கம் குறிப்பிடும்படி மாறவில்லை. பின்னர் மேரி கியூரியும் காமர்லிங் ஓன்னஸும் ரேடியத்தைத் திரவ ஹைட்ரஜனின் குளிரில், அதாவது சுழியத்துக்குக் கீழ் 253 பாகையில், வைத்துப் பார்த்தனர். அதற்கும் அது அசையவில்லை. காரணம் எளிது. அணுக்கருவுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல் பல லட்சம் எலக்ட்ரான் வோல்ட் கணக்கில். 2,500 பாகை வெப்பம் கொண்டுவருவதோ கால் எலக்ட்ரான் வோல்ட்.

சாமம்: பூமிக்கு வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்று நம்பும் அமெரிக்கப் படைப்புவாதிகள் சிலர் இதைக் கையாண்டனர். முற்காலத்தில் யுரேனியம் பன்மடங்கு விரைந்து சிதைந்திருக்க வேண்டும் என்று 2005இல் முடிந்த தங்கள் ஆய்வில் இதமாக எடுத்துரைத்தனர். அவ்வேகத்தில் எழும் வெப்பம் பூமியையே உருக்கிவிடுமே என்பதை ஒரு சிக்கலாக அவர்களே பதிந்தும் வைத்தனர். யுரேனியம் பதில் கூறவில்லை.

தானம்: பெரிலியம்-7 ஓர் எலக்ட்ரானை விழுங்கினால்தான் சிதையும். ஆகவே கொடுத்துப் பார்க்கலாம். 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதை அறுபது கார்பன் அணுக்களாலான கூண்டுக்குள் வைத்தனர். கருவருகே எலக்ட்ரான் நெருக்கம் கூடியது. உலோகத்தில் 53 நாளாக இருந்த அரை ஆயுள் சுமார் பத்து மணி நேரம் குறைந்தது. அதாவது, ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. வாங்கிக்கொண்டு இவ்வளவுதான் செய்வது உலக வழக்கத்துக்கு மாறானதன்று.

பேதம்: இதுவே பலித்தது. ரீனியம்-187இன் அரை ஆயுள் சுமார் 4,200 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதைப் போல மும்மடங்கு. 1996இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் அதன் 75 எலக்ட்ரான்களையும் உரித்தெடுத்தனர். அரை ஆயுள் 33 ஆண்டாகச் சுருங்கியது. சிதைவில் பிறக்கும் எலக்ட்ரானுக்கு வெளியே தப்பியோடும் ஆற்றல் சொற்பம். உள்வீடுகள் காலியானதும் அங்கேயே குடியேறிவிடுகிறது. டிஸ்புரோசியம்-163 இன்னும் விசித்திரம். சுற்றம் சூழ இருக்கையில் அது சிதைவதே இல்லை. 66 எலக்ட்ரான்களையும் பிரித்தால் 47 நாளில் பாதி போய்விடுகிறது. பெரிலியம்-7க்கோ பேதம் ஆயுள் தருகிறது: விழுங்க எலக்ட்ரான் இல்லாமல் பட்டினி கிடந்து சாகாதிருக்கிறது.

தடை: அப்படியாயின் அணுஉலைக் கழிவிலுள்ள புளூட்டோனியம்-239ஐயும் உரித்து விரைவுபடுத்தலாமே?

விடை: ஆகாது. அது ஆல்ஃபா துகளை உமிழ்ந்து சிதைவது. எலக்ட்ரான்களுக்கு அதில் பெரிய பங்கில்லை. அரை ஆயுள் சுமார் 24,100 ஆண்டு.

தடை: நியூட்ரானால் தாக்கி மாற்றலாமே?

விடை: அது வேகத்தை மாற்றுவதன்று, ஆளையே மாற்றுவது.

எனவே நான்கும் பொய்த்த இடத்தில் என்ன செய்வது? நீதிநூலாருள் சிலர் நான்கோடு நில்லாது உபேட்சை என்ற ஒன்றையும் சேர்த்துள்ளனர். கண்டும் காணாதிருத்தல் என்பது பொருள். இத்தகைய நெடுங்கால அணுக்கழிவு சேர்த்து வைத்திருக்கும் அரசுகளுள் பெரும்பாலானவை அதற்கென நிரந்தரப் புதைகுழி எதையும் திறக்காமல், பல பத்தாண்டுகளாக இவ்வுபாயத்தையே வழுவாமல் கடைப்பிடித்து வருகின்றன. இன்னும் 24,000 ஆண்டு இதே உறுதியோடு இருந்தால் சிக்கல் பாதியாகிவிடும்.