கடலுக்கடியில் வந்த விமானம்

அந்தமானுக்கு எல்லாமே கப்பலில்தான் வரும். வெங்காயம், சிமெண்ட், கோபித்துக்கொண்டு ஊருக்குப் போன சித்தப்பா, எல்லாம். ஆகவே 2019 ஜூனில் மைக்ரோசாஃப்ட் புதிய ஃப்ளைட் சிமுலேட்டரை அறிவித்தபோது, என்னைப்போன்ற விமானப் பைத்தியங்கள் அதையும் எந்தக் கப்பலில் எதிர்பார்ப்பது என்றுதான் யோசித்தோம்.

சுடுவது, குண்டு போடுவது எதுவும் இல்லாத சாது விளையாட்டு அது. ஏற வேண்டும், பறக்க வேண்டும், முழுசாக இறங்க வேண்டும். உலகத்தின் 37,000 விமான நிலையங்கள் உள்ளே இருக்கும் என்றார்கள். அப்படியானால் நம்ம போர்ட் பிளேரும் உண்டு! (ஊரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. விமானிகளின் குறியீட்டில் மட்டும் பிளேர் துரை இன்னும் ‘வி.ஓ.பி.பி.’ என்று ஒட்டிக்கொண்டிருக்கிறார்.)

சிக்கல், அது கேட்ட இடம். 150 ஜிபி. அன்றைக்கு எங்களுக்கு இன்டர்நெட் செயற்கைக்கோள் வழியாகச் சொட்டியது. விநாடிக்கு 100 கிலோபைட் தடையில்லாமல் வந்தாலும் 150 ஜிபி வந்து சேர 17 நாள். சென்னையிலிருந்து கப்பல் மூன்று நாளில் வந்துவிடும். ஐரோப்பாவில் அதே விளையாட்டைப் பத்து டிவிடிகளாகப் பெட்டியில் போட்டு விற்றார்கள். இந்தக் காலத்தில் யார் டிவிடி வாங்குவார்கள் என்று உலகமே சிரித்தது. நாங்கள் சிரிக்கவில்லை. மெயின்லேண்ட் போகிறவர் கையில் ஹார்டு டிஸ்க்கைத் திணித்து, “அண்ணே, படம் ஏத்திட்டு வாங்க” என்று கெஞ்சிய பரம்பரை நாங்கள்.

பிறகு நடந்ததை முருகன் அருள் என்றுதான் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டருக்குப் போட்ட கேபிளைப் பிரதமர் 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி திறந்துவைத்தார். விளையாட்டு வெளியானது ஆகஸ்ட் 18. எட்டே நாள் இடைவெளி! ஆகாயத்தில் பறக்க எங்களுக்கு வங்காள விரிகுடாவின் அடியில் கம்பி வர வேண்டியிருந்தது.

பாடம் தொடங்கியது அமெரிக்காவின் செடோனாவில். சுற்றிலும் சிவந்த பாறை, பொட்டல். எந்தப் பக்கம் திரும்பினாலும் கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அங்கே திசையே பிடிபடாது. விமானம் குட்டி செஸ்னா 152. மூக்கைத் தூக்கினால் மேலே போகும் என்று யாருக்கும் தோன்றும். அளவுக்கு மீறித் தூக்கினால் இறக்கையைத் தழுவிப் போகும் காற்று விலகிவிடும், விமானம் தொப்பென்று சரியும். தப்பிக்க வேண்டுமானால் விழுந்துகொண்டிருக்கும்போதே மூக்கை இன்னும் கீழே அழுத்த வேண்டும். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா சொன்னார்: “கப்பல்ல இந்தத் தொல்லையெல்லாம் கிடையாதுப்பா.”

வீட்டில் செய்தி பரவியதும் கோரிக்கைகள் குவிந்தன. அம்மாவுக்கு சென்னையிலிருந்து சாம்பார் வெங்காயம். மனைவிக்கு, பொங்கலுக்குப் பிறந்த வீடு. “அந்த நேரத்துல டிக்கெட் விக்கிற விலைக்கு நீங்களே ஓட்டிக் கூட்டிட்டுப் போயிடுங்களேன்.” நானும் கணக்குப் போட்டேன். சென்னை சுமார் 1,370 கிலோமீட்டர். செஸ்னாவின் அண்ணன் 172, டேங்கை நிரப்பினால் ஏறக்குறைய 1,185 கிலோமீட்டர் போகும். அதாவது மெரினா கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மனைவியும் வெங்காயப் பையும் வங்காள விரிகுடாவில். நல்லவேளை, விளையாட்டில் ‘தீராத எரிபொருள்’ என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். எந்தக் கட்சியும் தேர்தல் அறிக்கையில்கூடத் தராத சலுகை.

சொந்த வானத்தில் பறக்கும் சுகம் தனி. பேரன் தீவின் எரிமலையை டிக்கெட் எடுக்காமல் சுற்றலாம். வடக்கு சென்டினல் தீவுக்கு மேலேயும் போகலாம், ஆனால் நான் போவதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நலம் விசாரிக்க வந்த ஹெலிகாப்டரையே வில்லை வளைத்து விரட்டியவர்கள் அந்தத் தீவுக்காரர்கள். வேண்டாம் என்று அவ்வளவு தெளிவாகச் சொன்னவர்களைத் திரையில்கூடத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது என் கட்சி.

இத்தனை பறந்தும் அரசாங்கக் கணக்கில் நான் பூஜ்யம். இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் நிஜமாகப் பறந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் பறந்தது சேராது.

அடுத்த பதிப்பு 2024 நவம்பர் 19-ஆம் தேதி வந்தது. இந்த முறை பெரும்பகுதியைக் கணினியில் ஏற்ற வேண்டாம், பறக்கப் பறக்க இன்டர்நெட் வழியாக வரும் என்றார்கள். உலகமே ஒரே நாளில் ஏறி உட்கார, சர்வர்கள் திணறின. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலருக்குத் திரை 97 சதவீதத்தில் நின்றுவிட்டது. கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் ஊர்க்காரர்கள் ஓடாத கோட்டை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் படிப்பில் நாங்கள் எப்போதோ பட்டம் வாங்கிவிட்டோம்.

நீங்களும் வாங்குவதாக இருந்தால், ஜாய்ஸ்டிக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் தெருவுக்குக் கேபிள் வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள்.