20 நிமிட வான்கோழி

அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் வரும் 20 நிமிடத்துக்கும் கடிகாரத்தில் ஓடும் 20 நிமிடத்துக்கும் எந்த உறவும் கிடையாது. ‘வேலைநாள் இரவுக்கு ஏற்ற, ஆரோக்கியமான டர்க்கி ரைஸ் பவுல், 20 நிமிடத்தில் ரெடி’ என்று தலைப்பிலேயே சத்தியம் செய்திருப்பார்கள். கீழே தேவையான பொருட்களைப் பார்த்தால், பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒரு கப், துருவிய கேரட் ஒரு கப், மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ் இரண்டு கப், நசுக்கிய பூண்டு, தட்டிய இஞ்சி, வடித்த சாதம் மூன்று கப். யார் நறுக்கியது, யார் துருவியது, சாதம் எப்போது வெந்தது? இதைப் பற்றியெல்லாம் குறிப்பு மூச்சே விடாது. அதை எழுதுகிறவர்கள் வீட்டில் எல்லாவற்றையும் நறுக்கிக் கிண்ணம் கிண்ணமாக மூடி வைக்கிற மாமியார் ஒருவர் இருக்க வேண்டும் என்பது என் யூகம்.

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் இப்போது இருப்பவர் மாமனார். மாமியார் சின்ன மகளின் பிரசவத்துக்காக மதுரையிலேயே தங்கிவிட்டார். மாமனார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்திருக்கிறார். அவருடைய சர்க்கரையும் கூடவே வந்திருக்கிறது. செவ்வாயும் வியாழனும் என் மனைவி மன்ஹாட்டன் ஆபீஸுக்குப் போகிற நாட்கள்; ரயில் மனது வைத்தால் ஏழரைக்கு வீடு. அதனால் அந்த இரண்டு நாளும் அடுப்படி என் ராஜ்யம். பிரஜைகள்: ஓட்டப் பயிற்சிக்குப் போவதால் எதைக் கண்டாலும் “ப்ரோட்டீன் எவ்வளவு?” என்று கேட்கும் மகள், பச்சையாக எது தெரிந்தாலும் தட்டைத் தள்ளிவிடும் மகன், சோறு குறைந்தால் முகம் வாடும் மாமனார், பசியோடு வந்து உப்பு பார்க்கும் மனைவி.

என்னுடைய கொலஸ்ட்ரால் கணக்கைப் பார்த்த டாக்டர் ஆட்டுக்கறியைக் குறைக்கச் சொன்னார். கோழி எல்லோருக்கும் அலுத்துவிட்டது. அமெரிக்காவில் அதற்கு அடுத்த கதவு வான்கோழி.

கடையில் பாக்கெட்டை முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்த மாமனார், “மாப்பிள்ளை, இது மூதுரையிலேயே அவமானப்பட்ட பறவை. அது போதாதுன்னு அரைச்சு வேற வச்சிருக்காங்களே!” என்றார். மயிலைப் பார்த்துத் தானும் ஆடப்போய் மானம் போன அந்த வான்கோழியைப் பற்றி 38 வருடம் வகுப்பெடுத்தவர். பாக்கெட்டை அவர் ட்ராலியில் வைத்த விதத்தில் ஒரு அனுதாபம் தெரிந்தது.

உண்மையில் இந்த ஊரில் அந்தப் பறவைக்கு மரியாதை அதிகம். அமெரிக்கக் கண்டத்தையே சொந்த மண்ணாகக் கொண்டது அது. நவம்பர் மாதத்து நாலாவது வியாழக்கிழமை, நன்றி தெரிவிக்கும் நாளில், ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டு மேசையிலும் அதுதான் நடுநாயகம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1784-இல் தன் மகளுக்கு எழுதிய கடிதத்தில், கழுகு ஒழுக்கம் கெட்ட பறவை, அதைவிட டர்க்கி எவ்வளவோ கண்ணியமானது, கொஞ்சம் வீண்பெருமையும் அசட்டுத்தனமும் இருந்தாலும் தைரியசாலி என்று வக்காலத்து வாங்கியிருக்கிறார். இதை நான் சொன்னதும் மாமனார் முகம் மலர்ந்தது. “பார்த்தீங்களா, வீண்பெருமைங்கிறதை அவரும் கண்டுபிடிச்சுட்டார். ஔவையார் முன்னாடியே சொல்லிட்டாங்க.”

நியூ ஜெர்சியில் காட்டு வான்கோழிகள் ஒரு காலத்தில் அடியோடு இல்லாமல் போய், 1977-இல் மறுபடியும் கொண்டுவந்து விடப்பட்டவை. இன்று எங்கள் தெருவில் குடும்பம் குடும்பமாக நடந்து போகின்றன. காரை நிறுத்தினால் நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிதானமாகக் கடக்கும். டிக்கியில் அதன் உறவினரை அரைத்த நிலையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்போது கண்ணைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

நன்றி நாளுக்கு 15 பவுண்டுப் பறவையை முழுசாக ஓவனில் வைத்தால் வேக நாலு மணி நேரம் ஆகும். கைமாவாக அரைத்துவிட்டால் பத்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும். வேலைநாள் இரவுக்கு அதை இழுத்து வந்த காரணம் இதுதான்.

ஆனால் பாக்கெட்டில் எண்கள் இருக்கின்றன: 85, 93, 99. கொழுப்பு போக மீதி எவ்வளவு கறி என்கிற கணக்கு. எங்கள் தலைமுறைத் தமிழர்கள் 93-ஐயும் 99-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் கை தானாக 99-க்குப் போகும், வளர்ப்பு அப்படி. “ஆறு மார்க் எங்கே போச்சு?” என்று கேட்டே வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். மாமனாரும் ஆசிரியர் அல்லவா, “99-ஐ எடுங்க மாப்பிள்ளை, அதுதான் முதல் ராங்க்” என்றார். இங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 99 என்பது தோல் நீக்கிய வெறும் நெஞ்சுக்கறி. வாணலியில் பட்டதும் வறண்டு, மெல்ல மெல்ல மரத்தூளுக்கு நெருங்கி வரும். 93-இல் தொடைக்கறியும் சேர்ந்திருக்கும். அந்த ஏழு சதவீதக் கொழுப்பில்தான் ருசி குடியிருக்கிறது. அப்படியும் 113 கிராம் பச்சைக் கறியில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. மகளுக்கு அது போதும்.

இனி நேரக் கணக்கு. ஃப்ரீசரில் இருந்த பாக்கெட் என்றால் முந்தின நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜுக்கு மாற்றியிருக்க வேண்டும். மறந்துவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வைத்து, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி, ஒரு மணி நேரம் காவல் இருக்க வேண்டும். மைக்ரோவேவில் வைத்தால் ஓரம் வெந்து நடு பனிக்கட்டியாக நிற்கும். அடுத்தது அரிசி. ஆரோக்கியம் வேண்டுமென்றால் பட்டை தீட்டாத அரிசி என்கிறார்கள். சட்டியில் அது வேக முக்கால் மணி நேரம். சீக்கிரம் வேண்டுமென்றால் சோனா மசூரி. ஆக, ‘சட்டென்று’ என்பதும் ‘ஆரோக்கியம்’ என்பதும் அரிசி டப்பா முன்னாலேயே சண்டை போட்டுப் பிரிந்துவிடுகின்றன. நான் சோனா மசூரியின் பக்கம். அரிசியைக் களைந்து குக்கரில் வைத்துவிட்டுத்தான் கத்தியைக் கையில் எடுப்பேன். சாதம் வேகிற நேரத்துக்குள் காய் முடிந்தாக வேண்டும்.

பிறகு அடுப்பு. அகலமான வாணலி, நன்றாகக் காய வேண்டும். ஒரு கரண்டி எண்ணெய். கைமாவை மொத்தமாகப் போட்டு, அழுத்திப் பரப்பி, மூன்று நாலு நிமிடம் தொடவே கூடாது. டர்க்கியில் நீர் அதிகம். சட்டி சின்னதாக இருந்தாலோ, சூடு பற்றாவிட்டாலோ, விடாமல் கிளறினாலோ நீரெல்லாம் வெளியே வந்து, கறி அதிலேயே வெந்து சாம்பல் நிறத்தில் சோகமாக நிற்கும். சும்மா விட்டால் அடிப்பக்கம் பொன்னிறமாகச் சிவந்து வாசனை எழும்பும். ஆனால் கையில் கரண்டியும் எதிரே வாணலியும் இருக்கும்போது கிளறாமல் நிற்பது நம் ஊர்க்காரர்களுக்குப் பெரிய தவம். மாமனார் பின்னால் வந்து நின்றார்.

“அடி பிடிக்குது மாப்பிள்ளை, கிளறுங்க.”

“பிடிக்கத்தான் விட்டிருக்கேன் மாமா.”

தன் மகளைக் கட்டிக்கொடுத்தது சரிதானா என்று அவர் ஒரு கணம் யோசித்தது தெரிந்தது.

சிவந்த பிறகு திருப்பிப் போட்டு உதிர்த்துவிட்டு, வெங்காயம், இஞ்சி, பூண்டு, அப்புறம் கேரட், கோஸ். கறி வெந்ததா என்பதற்கு இங்கே கண்ணை நம்பக் கூடாது. அரைத்த கோழிக்கும் வான்கோழிக்கும் உட்சூடு 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ் வர வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. கைமாவைக் குவித்து அதில் தெர்மாமீட்டரைச் சொருகினேன். “செத்தப்புறமும் காய்ச்சல் பார்க்கிறாங்களா இந்த ஊர்ல?” என்றார் மாமனார்.

சாஸ்தான் அடுத்த கட்டம். டர்க்கிக்கு என்று சொந்த ருசி எதுவும் கிடையாது. தேர்தல் நேரத்துச் சின்னக் கட்சி மாதிரி, யார் கூட்டணிக்குக் கூப்பிட்டாலும் போய்விடும். சோயா சாஸும் நல்லெண்ணெயும் துளி வினிகரும் சேர்ந்தால் கிழக்காசியா. சீரகமும் மிளகாய்த்தூளும் ராஜ்மாவும் சேர்ந்தால் மெக்சிகோ. சோம்பு, மிளகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் மதுரை மேலமாசி வீதி. ஆட்டுக்கறி இப்படி வளையாது. அது எங்கே போனாலும் தலைமைதான் கேட்கும். நாலு திசையில் இழுக்கும் குடும்பத்துக்குக் கொள்கை இல்லாத கறியே நல்லது.

ஆரோக்கியத்தை இங்கேயும் ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம். ஒரு நாளைக்கு 2,300-ஐத் தாண்டாதீர்கள் என்பது இங்கே பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு. குறிப்பில் கால் கப் ஊற்றச் சொல்லியிருப்பார்கள். கால் கப் என்றால் நாலு மேசைக்கரண்டி. கொழுப்பைக் குறைக்க வான்கோழிக்குப் போய், உப்பில் மாட்டிக்கொள்வது புத்திசாலித்தனமா? சோடியம் குறைத்த சோயா சாஸை வாங்கி, அதிலும் பாதியை ஊற்றி, மீதிக்கு எலுமிச்சம்பழம் பிழிந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. உப்பு பார்க்கும் என் மனைவிக்கே தெரியவில்லை என்பதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தேவையில்லை.

இந்தச் சாப்பாட்டின் நிஜமான சாமர்த்தியம் நேரத்தில் இல்லை, பவுலில் இருக்கிறது. அடுப்பில் ஒரே கறி, மேசையில் ஐந்து வேறு வேறு சாப்பாடு. மகளுக்குக் கறி அதிகம், மேலே ஒரு அவித்த முட்டை. மகனுக்குச் சோறும் கறியும் மட்டும். கோஸ் உள்ளே வதங்கி நிறம் மாறிப்போனதால் அவன் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், அவனிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள். மனைவிக்கு மிளகாய் சாஸ். மாமனாருக்குச் சோறு அரை கப், காய் இரண்டு பங்கு. ஒரு கப் வெள்ளைச் சோற்றில் ஏறக்குறைய 45 கிராம் மாவுச்சத்து; அவருக்குப் பாதி போதும் என்பது டாக்டரின் கணக்கு. “எனக்கு இது பிடிக்காது” என்று யாரும் எழுந்து போகாத ஒரு வேலைநாள் இரவு எவ்வளவு அபூர்வம் என்பது சமைக்கிறவர்களுக்குத் தெரியும்.

மாமனார் கிண்ணத்தைச் சுத்தமாகக் காலி செய்தார். “நல்லா இருந்துச்சு மாப்பிள்ளை. டிபன்னா இப்படித்தான் இருக்கணும்” என்றவர், அடுத்த மூச்சில், “மோர்ச்சோத்துக்குச் சாதம் இருக்குல்ல?” என்றார். டாக்டர் மிச்சம் பிடித்த அரை கப் அங்கே போய்ச் சேர்ந்தது.

ஆகவே என் தீர்ப்பு இது. குறிப்பில் 20 நிமிடம் என்று போட்டிருந்தால் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். 99-ஐ விட்டுவிட்டு 93-ஐ வாங்குங்கள். சிவக்கும்வரை கிளறாதீர்கள், உப்பில் கை அடங்கட்டும். மிஞ்சியதை உடனே ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாலு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். வீட்டில் தமிழாசிரியர் யாராவது தங்கியிருந்தால், ஒரு டம்ளர் அரிசியைக் கூடுதலாகவே வையுங்கள்.