ரௌட்டர் செய்த குற்றம் யாது? ஓர் ஆய்வு

வீட்டில் நெட் நின்றால் விசாரணைக்கு முன்பே தண்டனை நிறைவேறிவிடுகிறது. டிவி ஸ்டாண்டின் மூலையில் தூசியோடு கிடக்கும் ரௌட்டரின் சுவிட்ச் அணைக்கப்படும். சில வீடுகளில் அதன் தலையில் ஓர் அடியும் விழும். அடிக்கும் வழக்கம், பெட்டி டிவியைத் தட்டித் தட்டி ‘ஒளியும் ஒலியும்’ பார்த்த தலைமுறையிடமிருந்து வந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு.

இவ்வாய்வின் கருதுகோள் வருமாறு: நெட் வராத பல வேளைகளில் ரௌட்டர் நிரபராதி. கம்பம், கேபிள், ஆபரேட்டரின் அறை என்று சந்தேகப்பட ஏராளமானவை இருந்தும், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது அது ஒன்றுதான். ஆகவே எல்லாப் பழியும் அதன்மேல் விழுகிறது. ஆய்வின் எல்லை, ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகள். பக்கத்து வீட்டுப் பாஸ்வேர்டில் வாழ்வோர் தனி ஆய்வுக்குரியவர்கள்.

‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணு’ என்னும் கொள்கையை முதலில் பரிசீலிப்போம். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க முடியாது என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். ரௌட்டர் என்பது சிறிய நினைவகம் கொண்ட ஒரு கணினி. மாதக்கணக்கில் ஓய்வின்றி ஓடும்போது அதன் மென்பொருள் எங்காவது சிக்கி நிற்பதுண்டு. மறுமுனையில் பழைய இணைப்பு முடியாமல் தொங்குவதும் உண்டு. அணைத்தால் இரண்டும் தீரும். எத்தனை நொடி காத்திருப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. உடனே போடுவோர் ஒரு சாரார். அரை நிமிடம் பொறுப்போர் மறு சாரார். உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடிய அவகாசம் வேண்டும் என்பதால் அறிவியல் பின்னவர் பக்கம் நிற்கிறது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் முன்னவர் பக்கம்.

இங்கே ஓர் அடிப்படைக் குழப்பத்தைக் களைய வேண்டும். “வைஃபை ஃபுல்லா காட்டுதே, அப்புறம் ஏன்டா நெட் வரல?” என்ற கேள்வி எல்லா இல்லங்களிலும் எழுகிறது. அந்த வளைகோடுகள் போனுக்கும் ரௌட்டருக்கும் இடையிலான உறவை மட்டுமே காட்டுபவை. ரௌட்டருக்கும் உலகத்துக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது. அதை அறிய ஆண்ட்ராய்டு போன் கூகுளின் ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும்; வெறும் 204 என்ற பதில் வந்தால் போதும். வராவிட்டால் ‘இணையம் இல்லை’ என்று எழுதிவிடும். ரௌட்டர் தரப்பில் இன்னொரு சாட்சியும் உண்டு. பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்துப் பாருங்கள் (சில பெட்டிகளில் எண் சற்று மாறும்). இவ்வகை எண்கள் வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும் என்று 1996இல் வகுக்கப்பட்ட விதி உண்டு. நெட் இல்லாத நேரத்திலும் ரௌட்டரின் பக்கம் திறந்தால், அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். போனுக்கு 169.254 என்று தொடங்கும் எண் கிடைத்திருந்தால் மட்டும் ரௌட்டரைச் சந்தேகிக்கலாம். எண் தருவார் யாருமில்லாமல் போன் தானே வைத்துக்கொண்ட எண் அது.

அடுத்து, விளக்குகள். ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் கேபிள் வழியே ஒளி வந்து சேரவில்லை. அத்தனை விளக்கும் பச்சையாக எரிந்தும் நெட் வராவிட்டால், ரீசார்ஜ் தேதியைப் பார்ப்பது நலம். குடும்பத் தலைவர்கள் இந்தச் சோதனையைக் கடைசியில்தான் செய்கிறார்கள்.

சிவப்பு விளக்கு எரிந்த ஒரு வீட்டின் களஆய்வு இக்கருதுகோளுக்கு வலு சேர்க்கிறது. கேபிள்காரத் தம்பி வந்தார். ரௌட்டரைத் தொடாமல், அதன் பின்னாலிருந்த பச்சை முனையை உருவி, ஒளியின் அளவைக் காட்டும் மீட்டரில் செருகினார். மைனஸ் 34 என்றது. மைனஸ் 27 வரை இருந்தால் வண்டி ஓடும். ஃபைபரில் வரும் 1490 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. எனவே சட்டைப் பையிலிருந்து ஒரு பேனா லேசரை எடுத்து அந்த மஞ்சள் வயருக்குள் சிவப்பு ஒளியைச் செலுத்தினார். ஜன்னல் கீலருகே, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வயர் மடங்கிய இடத்தில், உறையைத் தாண்டிக்கொண்டு சிவப்பு கசிந்தது. உள்ளே இருக்கும் கண்ணாடி இழையில் ஒளி ஓடும் பாதை சுமார் 9 மைக்ரான்தான். இறுக்கி மடக்கினால் ஒளி வெளியேறிவிடும். கண்ணாடியைப் போதிய அளவு தூய்மையாக்கினால் ஒளியை நெடுந்தூரம் அனுப்பலாம் என்று 1966இல் சொன்ன சார்லஸ் காவோவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் கணக்கில் ஜன்னல் கதவு வரவில்லை.

“யாரும்மா இந்த ஜன்னல இழுத்துச் சாத்துனது?”

“மழை அடிச்சா சாத்தாம என்னப்பா பண்றது?” என்றார் பாட்டி. இதற்குத் தொழில்நுட்பத் தரப்பில் பதில் இல்லை.

வயரை நீவி வேறு வழியாக விட்டதும் மீட்டர் மைனஸ் 21 காட்டியது. சிவப்பு அணைந்தது, பச்சை நிலைத்து எரிந்தது, சீரியல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. தம்பி காபி குடித்துவிட்டுப் படியிறங்கும்போது, வீட்டுத் தலைவர் ஆய்வாளரிடம் தன் முடிவைத் தெரிவித்தார்: “இந்தப் பெட்டி சரியில்ல சார். ஆறு ஆன்டெனா வச்சது ஒண்ணு வந்திருக்காம், மாத்திரலாம்னு இருக்கேன்.”