சுண்ணாம்பு தடவிய மதுவிடுதி: புன்னைக்காயல் சாலைப் பதனிக்கடை குறித்து ஓர் ஆய்வு

குடிப்பதற்கும் இலக்கணம் வகுத்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1971இல் அயர்லாந்துக்கு விடுமுறை போன நான்கு இளைஞர்கள், பீர் ஆலைகள் வாயு ஏற்றி விற்கும் சரக்கைக் குடித்து மனம் நொந்து, அங்கேயே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்கள் காக்கப் புறப்பட்ட பானத்துக்கு 'ரியல் ஏல்' என்று பெயர். ஊற்றப்படும் பீப்பாய்க்குள்ளேயே அது நொதித்துக்கொண்டிருக்க வேண்டும். வெளியிலிருந்து கரியமில வாயு ஏற்றக் கூடாது. இப்படி உயிரோடிருக்கும் மதுவை ஊற்றும் பழைய 'பப்'பைத் தேடி ஊர் ஊராக அலைபவர்கள் அந்நாட்டில் இன்றும் உண்டு.

இந்த இலக்கணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்கு வரும் ஆய்வாளருக்கு முதலில் ஏமாற்றம்தான். ஊரில் கண்ணில் படுவது படகும் வலையும் மாதா கோயிலும். ஆனால் தெற்கே காயாமொழி, உடன்குடி, சாத்தான்குளம் என்று செம்மண் தேரிகளுக்குள் இறங்கிவிட்டால், ஒவ்வொரு பனையின் உச்சியிலும் சங்கத்தார் கேட்ட அத்தனையும் இருக்கிறது. பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டியதுமே காற்றிலிருக்கும் ஈஸ்ட் உள்ளே புகுந்து வேலையைத் தொடங்கிவிடுகிறது. சில மணி நேரத்தில் கள். வாயு ஏற்றவில்லை, வடிகட்டவில்லை, ஆலையும் இல்லை. ஆங்கில ஏலின் போதையும் கள்ளின் போதையும் ஏறக்குறைய ஒன்றே, நூற்றுக்கு நான்கைந்து பங்கு. புதுமையில் மட்டும் கள் ஒரு படி மேல். ஏல் பீப்பாயைத் திறந்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். கள் மறுநாளே காடியாகிவிடும்.

ஆய்வாளர் மகிழ்ந்து குறிப்பேட்டை மூடும் நேரத்தில் மதுவிலக்குச் சட்டம் குறுக்கே வருகிறது. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் நாளோடு கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. எங்கோ ஆலையில் காய்ச்சிப் புட்டியில் அடைத்ததை 2003 முதல் அரசே கடை வைத்து விற்கிறது. கண்ணெதிரே மரத்தில் ஊறுவதை இறக்கினால் வழக்கு. இதை எதிர்த்து 2025 ஜூனில் இதே மாவட்டத்துப் பெரியதாழையில் சீமான் பனையேறிக் கள் இறக்கினார். அரசியல் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நமக்கு வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அதே மரம், அதே பாளை, அதே பனையேறி, அதே கலயம் என்றிருக்க, குற்றத்தைக் குளிர்பானமாக மாற்றுவது எது?

சுண்ணாம்பு. கலயத்தின் உட்புறம் அதைத் தடவிவிட்டால் ஈஸ்டுக்குக் கை கட்டிப்போகும். காரம் ஏறிய சாற்றில் அதனால் பெருக முடியாது. இறங்குவது பதநீர், இந்தப் பக்கத்து வாயில் பதனி. ஆக, தமிழ்நாட்டு மதுவிலக்கின் உண்மையான அமலாக்க அதிகாரி காக்கி உடுத்தவரல்லர். பனையேறியின் இடுப்புப் பெட்டியில் பாளை அரிவாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மரமேறும் அந்த வெள்ளைக் குழம்பு. நாளைக்கு இருமுறை, காலையும் மாலையும், ஒவ்வொரு மரத்திலும் சட்டம் இப்படிப் புதிதாகப் பூசப்படுகிறது. இத்தனை நுணுக்கமாக வேறெந்தச் சட்டமும் அமலானதாகத் தெரியவில்லை.

சுண்ணாம்பின் பூர்வீகத்தையும் நோக்க வேண்டும். கடற்கரையில் அது கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி வருவது. முத்துச் சிப்பியால் உலகப் புகழ் பெற்ற கரையில், முத்தே இல்லாத சிப்பிகள்தாம் ஒழுக்கத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்றன என்பது இக்கட்டுரையின் துணைக் கருதுகோள். பக்கத்து ஆத்தூர், வெற்றிலைக்குப் பேர் போன ஊர். அங்கும் சுண்ணாம்பில்லாமல் வாய் சிவக்காது. பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பழைய காயலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோவே, இங்குள்ளவர்கள் ஓயாமல் இலை மெல்வதையும் அதில் சுண்ணாம்பு சேர்வதையும் குறித்து வைத்திருக்கிறார். அவர் சொல்லும் இன்னொரு செய்தியைப் புன்னைக்காயல் பரதவர்கள் மன்னிக்க மாட்டார்கள்: இந்த நாட்டில் மது குடிப்பவனையும் கடலோடியையும் பிணை நிற்க ஏற்பதில்லையாம். அப்படிப் பார்த்தால், கடலுக்குப் போய்வந்து கள்ளும் குடித்தவனுக்கு நீதிமன்றப் பக்கமே வேலை இருந்திராது.

பெரும்பாணாற்றுப்படை இதற்கு நேர்மாறு. அதில் வலைஞர் குடிதான் மது வடிக்கிறது: குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, ஆறவிட்டு, நல்லடை சேர்த்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து முதிர்ந்ததைப் பிழிந்து, சுட்ட மீனோடு பாணனுக்குத் தருகிறார்கள். தானியத்தில் வடித்து, இருந்த பாத்திரத்திலேயே முதிர்ந்து, வாயு ஏற்றாத பானம்! 1971 சங்கத்தார் இதைப் படித்திருந்தால் தங்கள் விதிகளை இதைப் பாடிய உருத்திரங்கண்ணனாருக்குக் காணிக்கையாக்கியிருப்பார்கள். சுட்ட மீனைத் தொட்டுக்கொள்ளக் கொடுத்ததற்குத் தனி மரியாதையும் கிடைத்திருக்கும்.

இனிக் களம். தூத்துக்குடி–திருச்செந்தூர் சாலையில் முக்காணியைத் தாண்டி ஆத்தூர் பக்கம், பங்குனி சித்திரை வெயிலில் பதனி விற்கும் இடத்துக்குப் பலகை கிடையாது. வேப்பமர நிழல், ஒரு வண்டி, ஒரு குடம், கட்டாகப் பனையோலை. திறக்கும் நேரத்தைக் கடிகாரம் சொல்லாது. அண்ணாச்சி வந்தால் திறப்பு, குடம் காலியானால் அடைப்பு. வெயில் ஏற ஏறச் சுண்ணாம்பின் பிடி தளரும் என்பதால் முற்பகலே உத்தமம். பிற்பகல் பதனியில் இலேசாகப் புளிப்புத் தட்டினால் நீங்கள் குடிப்பது சட்டத்தின் எந்தப் பக்கம் என்று சொல்வது கடினம். அந்தப் புளிப்புக்கென்றே தாமதமாக வருபவர்களும் உண்டு என்று கேள்வி. ஆய்வு அறம் கருதி விசாரிக்கவில்லை.

பாத்திரம் தனி அத்தியாயம் கேட்கிறது. ஆங்கில பப்பின் பைண்ட் கிளாஸ் 568 மில்லி, அரசு முத்திரை பெற்றது, அடி தட்டையானது. அதனால் அதை மேசையில் வைத்துவிட்டு மணிக்கணக்காக வானிலை பேசலாம். பதனி ஊற்றித் தரும் ஓலைப் பட்டைக்கு அடியே இல்லை. கீழே வைத்தால் சாயும். ஒரு கையை எடுத்தால் வழியும். இரு கையாலும் ஏந்தி, குனிந்து, மூக்கில் ஓலை மணம் ஏற, ஒரே மூச்சில் உறிஞ்ச வேண்டும். நுங்கோ மாங்காய்க் கீற்றோ மிதந்தால் உதடு தனியே உழைக்க வேண்டும். அந்நிலையில் ஒருவன் பேச முடியாது, கைபேசியை எடுக்க முடியாது, பக்கத்திலிருப்பவனை அடிக்கவும் முடியாது. மேலைநாட்டு மதுவிடுதிகளில் சண்டை மலிந்ததற்குக் கிளாசின் தட்டை அடியே காரணம் என்பது என் துணிபு. இப்போது சில இடங்களில் பிளாஸ்டிக் டம்ளர் வந்துவிட்டது. விளைவுகளுக்கு நான் பொறுப்பல்ல.

கடைசியாகத் தெளிவு. ஏலில் ஈஸ்ட் மிதந்து கலங்கலாகத் தெரியும். அதை அடியில் படிய வைக்க ஆங்கிலேயர்கள் மீனின் காற்றுப்பையைக் காயவைத்துக் கரைத்து ஊற்றுவார்கள். இந்தியக் கரைகளில் இந்தச் சரக்கு எங்கெங்கே கிடைக்கும் என்று 1842இல் ஃபோர்ப்ஸ் ராயில் ஒரு புத்தகமே எழுதினார். கூறல் மீன் வலையில் விழுந்தால் மீனைவிட அதன் நெட்டிக்கு விலை கூடுவது இன்றும் இக்கரையில் நடப்பதுதான். ஆக, அவர்கள் மது தெளிய இப்படிப்பட்ட மீன் வேண்டும். நம் பதனி மதுவாகாமலிருக்கச் சிப்பி வேண்டும். இரண்டும் கடல் சரக்கு.

பதனியைத் தெளிய வைக்க மீன் தேவையில்லை. சுண்ணாம்பு தானே அடியில் தங்கும். குடத்தைக் குலுக்காமல் சாய்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவே. குலுக்கினால் வாய் கசக்கும், நாக்கு வெந்ததுபோலாகும். இதுபற்றிக் களத்தில் பதிவான உரையாடல் வருமாறு:

"அண்ணாச்சி, அடியில சுண்ணாம்பு நிக்கா?"

"நிக்கும்லா. அசைக்காம ஊத்துதேன், பொறும். எப்படியும் இன்னொரு பட்டை கேப்பீரு, அதுக்கும் சேத்துத் துட்டை எடுத்து வையும்."