ரகசிய நோட்டு சார்

‘பாஸ்வேர்டைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லாதே’ என்று போர்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போடுவார் நம் கம்ப்யூட்டர் சார். கோடு போட்ட கையோடு லாங் சைஸ் நோட்டை விரிப்பார்.

“ஒண்ணாம் நம்பர், உன் பாஸ்வேர்டு என்னடா?”

நோட்டுக்குப் பிரவுன் அட்டை, அட்டையில் லேபிள், லேபிளில் சிவப்பு மையில் ‘ரகசியம்’. திருட வருகிறவன் தேடி அலைய வேண்டாமே என்ற நல்ல மனசு. உள்ளே ஸ்கேல் வைத்து நாலு கட்டம்: ரோல் நம்பர், பெயர், மெயில் ஐடி, பாஸ்வேர்டு. மறந்துவிட்டு வந்து நிற்கிற பிள்ளைகளுக்காகத்தான் இந்த ஏற்பாடு என்பார்.

“தோனி@7, சார்.”

“எட்டு எழுத்து வேணும். இன்னொரு ஏழு சேர்த்துக்கோ.”

அவனோடு வகுப்பே மனசுக்குள் இன்னொரு ஏழு சேர்த்துக்கொள்ளும். அடுத்த பெஞ்சுக்காரனும் அதையே சொன்னால், “அதை ஒண்ணாம் நம்பர் எடுத்துட்டான், நீ வேற வை” என்பார்.

கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, தன் ஆச்சியையும் முறுக்கையும் காணாமல்போன பூனையையும் சேர்த்து முப்பது எழுத்துக்கு நீட்டி வைத்திருப்பாள். சார் முகம் சுளிப்பார். “கட்டத்துல அடங்காதும்மா, சுருக்கு.” வகுப்பிலேயே உருப்படியான பாஸ்வேர்டு அதுதான். எழுத்து, எண், குறி எல்லாம் கலக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள், நீளமாக வைக்க விடுங்கள், காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே சொல்லிவிட்டது. சார் இன்னும் டெர்முக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார். பழையதை அடித்துவிட்டுப் பக்கத்திலேயே புதியதை எழுதிக்கொள்கிறார்.

பட்டியல் என்று ஒன்று இருந்தால் அது கைமாறாமல் இருக்காது. 1962-லேயே எம்.ஐ.டி.யில் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கிய கம்ப்யூட்டர் நேரம் போதவில்லை என்று எல்லோருடைய பாஸ்வேர்டுகளும் இருந்த ஃபைலை அப்படியே பிரிண்ட் எடுத்துக்கொண்டார். அவர் கொஞ்சம் மூளையைச் செலவழிக்க வேண்டியிருந்தது. நம் சார் லீவு போட்டால் நோட்டு கிளாஸ் லீடரிடம் இருக்கும்.

மனுஷர் தங்கம், அதையும் சொல்ல வேண்டும். கவுன்சலிங் சமயத்தில் இருட்டும்வரை லேபில் உட்கார்ந்து, ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பார். ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டார். நடுவில் பையனின் அப்பாவுக்குப் போன் போகும்: “அண்ணே, ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க.” யார் கேட்டாலும் ஓடிபி சொல்லக் கூடாது என்பது அன்று காலைப் பாடம்.

சிரிப்பு போதும். இந்தப் பிள்ளைகள் உண்மையில் கற்றுக்கொள்வது ஒன்றைத்தான்: கேட்கிறவர் பெரியவராக இருந்தால், எழுந்து நின்று சொல்லிவிட வேண்டும். நாளைக்கு ஒருவன் ‘பேங்க் மேனேஜர் பேசுறேன்’ என்று அதட்டுவான். அவனிடமும் அப்படியே சொல்வார்கள். பிறகு சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போட்டு அழுவது பெற்றவர்கள்.

சார், அந்த நோட்டைக் கிழித்துப் போடுங்கள். மறந்த பாஸ்வேர்டை அவரவரே மாற்றிக்கொள்ளும் வழியையும், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடவும் சொல்லிக் கொடுங்கள். பரீட்சையில் ஒரே கேள்வி போதும்: “உன் பாஸ்வேர்டு என்ன?” ‘சொல்ல மாட்டேன் சார்’ என்கிற பிள்ளைக்கு முழு மார்க் போடுங்கள்.